என்டர் தட்டினால் சேவ் ஆக வேண்டுமா, அடுத்த கட்டத்துக்குப் போக வேண்டுமா?

கேள்வி: கிடங்குநிரலர்

வணக்கம். உதிரிபாகக் கிடங்கு ஒன்றுக்குச் சரக்கு வரவு பதியும் மென்பொருள் எழுதும் குழுவில் இருக்கிறேன். பல வருடமாக அங்கே கறுப்புத் திரை டாஸ் மென்பொருள்தான். அதை எடுத்துவிட்டு, பிரவுசரில் ஓடும் புதியது ஒன்றைக் கொடுத்திருக்கிறோம். ஆனால் பதிவு செய்கிறவர்கள் மூன்று விஷயத்தைத் திரும்பத் திரும்பச் சொல்கிறார்கள்.

முதலாவது என்டர். சலானைப் பார்த்துப் பாக எண்ணை அடித்ததும் என்டர் தட்டுகிறார்கள். பழையதில் கர்சர் அடுத்த கட்டத்துக்குப் போகும். எங்களுடையதில் ஃபார்ம் சேவ் ஆகிவிடுகிறது. அளவு காலி, தொகுதி எண் காலி, அரைகுறைப் பதிவு உள்ளே போய் உட்கார்ந்துகொள்கிறது. சரி என்று எல்லாவற்றையும் கட்டாயக் கட்டமாக்கினோம். இப்போது ஒவ்வொரு என்டருக்கும் சிவப்பு எழுத்தில் நாலு பிழைச் செய்தி வருகிறது. "எதைத் தொட்டாலும் திட்டுது" என்கிறார் அங்குள்ள மூத்தவர் ஒருவர்.

இரண்டாவது, 00417 என்று பாக எண் அடித்தால் 417 ஆகிவிடுகிறது. மூன்றாவது, தமிழில் இருக்கும் சப்ளையர் பட்டியல் அகர வரிசையில் இல்லை என்கிறார்கள். டேட்டாபேஸ் வரிசைப்படுத்தித்தான் தருகிறது.

எங்கள் குழுத் தலைவர், "என்டருக்கு ஃபார்ம் போவதுதான் வலையில் வழக்கம். நகர்வதற்கு டேப் இருக்கிறது. கொஞ்ச நாள் பயிற்சி கொடுத்தால் பழகிவிடும்" என்கிறார். அதிலும் நியாயம் இருக்கிறது. மென்பொருள் பயனர் எதிர்பார்ப்பதுபோல் நடக்க வேண்டும் என்று எல்லாரும் சொல்கிறார்கள், ஆனால் எந்தப் பயனர்? நாளைக்கு வேலைக்குச் சேரும் இளைஞர் டாஸ் திரையைப் பார்த்தே இருக்க மாட்டார். யாருடைய எதிர்பார்ப்பை எடுத்துக்கொள்வது?


பதில்: எண்பலகை

பதில் சொல்வதற்கு முன் ஒன்று கேட்கிறேன். உங்கள் குழுவில் யாராவது அவர்கள் பக்கத்தில் நாற்காலி போட்டு ஒரு ஷிஃப்ட் முழுக்க உட்கார்ந்திருக்கிறீர்களா? கூட்டத்தில் கருத்துக் கேட்பதைச் சொல்லவில்லை. வேலை நடக்கும்போது பார்ப்பதைச் சொல்கிறேன். திரையைப் பார்க்க வேண்டாம், கைகளைப் பாருங்கள்.

இத்தகைய வேலையை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். இடது கை சலான் மேல் இருக்கும். ஆள்காட்டி விரல், படிக்கிற வரியின் மேல் ஊன்றியிருக்கும். வலது கை எண்பலகை மேல். கண் காகிதத்தில், திரையில் அல்ல. எண்பலகையின் வலது ஓரத்தில், சுண்டு விரலுக்கு அடியிலேயே, நீளமாக ஒரு என்டர் இருக்கிறது. டேப் எங்கே இருக்கிறது? விசைப்பலகையின் மறுகோடியில், இடது மேல் ஓரத்தில். டேப் தட்ட வேண்டுமானால் இடது கை காகிதத்தை விட வேண்டும். விரல் வரியை விட்டு எழுந்தால், திரும்பி வரும்போது கண் அந்த வரியைத் தேட வேண்டும். பக்கத்து வரியின் அளவை இந்தப் பாகத்துக்குப் போடுவது அப்படித்தான் நடக்கிறது.

எனவே அவர்கள் கேட்பதைப் பழைய மென்பொருளின் பழக்கம் என்று மட்டும் எடுத்துக்கொள்ளாதீர்கள். அந்த வேலையும் அந்த விசைப்பலகையும் சேர்ந்து உண்டாக்குகிற எதிர்பார்ப்பு அது. நாளைக்குச் சேரும் இளைஞரும் சலானை இடது கையால்தான் பிடிக்கப் போகிறார். அவருக்கும் சீக்கிரமே என்டர்தான் வேண்டியிருக்கும். அட்டவணை மென்பொருட்களைப் பாருங்கள். எக்செலில் என்டர் தட்டினால் கோப்பு சேவ் ஆகும் என்று யாரும் நினைப்பதில்லை, அடுத்த கட்டத்துக்குப் போகும் என்றுதான் எல்லாருக்கும் தெரியும். டேப் தட்டித் தட்டி ஒரு வரிசையை வலப்பக்கமாக நிரப்பிவிட்டு என்டர் தட்டினால், கர்சர் அடுத்த வரிசையில் நீங்கள் தொடங்கிய இடத்துக்கு நேர் கீழே வந்து நிற்கும். ஆட்கள் வரிசைகளை எப்படி நிரப்புகிறார்கள் என்று யாரோ பக்கத்தில் உட்கார்ந்து பார்த்திருக்கிறார்கள்.

வலை வழக்கம் பொய் என்று சொல்ல வரவில்லை. தேடல் பெட்டியிலும் கடவுச்சொல் பெட்டியிலும் என்டர் அனுப்பத்தான் வேண்டும். அங்கே அந்த ஒரு வரியோடு சொல்ல வந்தது முடிந்துவிடுகிறது. பத்துக் கட்டம் உள்ள பதிவில் முதல் கட்டத்தோடு எதுவும் முடிவதில்லை.

செய்யும்போது கவனிக்க வேண்டியவை சில. கடைசிக் கட்டத்தில் என்டர் தட்டினால் உடனே சேவ் செய்யாதீர்கள். கர்சர் சேவ் பட்டன் மேல் போய் நிற்கட்டும், இன்னொரு என்டருக்குச் சேவ் ஆகட்டும். கை ஓட்டத்தில் அது சுமையே இல்லை. குறிப்பு எழுதும் பல வரிப் பெட்டியில் என்டர் புது வரிதான். டேப் விசையைத் தொடவே தொடாதீர்கள், அது எப்போதும்போல் இருக்கட்டும்.

தமிழில் அடிக்கும் கட்டங்களில் இன்னொரு சிக்கல் உண்டு. ஆங்கில எழுத்தில் அடித்துத் தமிழாக்கும் ஒலிபெயர்ப்பு முறையில் அடிப்பவர் சொல்லை முடிக்கவோ, பரிந்துரைப் பட்டியலில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கவோ என்டர் தட்டுவார். அதை உங்கள் நிரல் பிடுங்கிக்கொண்டால், சொல் உள்ளே விழுவதற்கு முன்பே கர்சர் அடுத்த கட்டத்துக்குத் தாவிவிடும். சொல் இன்னும் உருவாகிக்கொண்டிருக்கிறதா என்பதைச் சொல்லும் குறி விசை நிகழ்விலேயே இருக்கிறது. அதைப் பார்த்துவிட்டு நகர்த்துங்கள்.

இன்னொன்றையும் சரிபாருங்கள். ஒற்றை வரிக் கட்டத்தில் என்டர் தட்டும்போது, திரையில் பெரிதாகத் தெரியும் பட்டனைப் பிரவுசர் அழுத்துவதில்லை. ஃபார்முக்குள் நிரல் வரிசையில் முதலில் வரும் சப்மிட் (அனுப்பு) பட்டனைத்தான் அழுத்தும். பட்டனுக்கு வகை எழுதாமல் விட்டால் அதுவும் சப்மிட் பட்டன்தான். மேல் ஓரத்தில் சின்னதாக ஒரு "வரியை நீக்கு" பட்டனை வகையில்லாமல் வைத்திருந்தால், என்டர் அதன்மேல்தான் விழும்.

பயிற்சி கொடுத்தால் பழகிவிடும் என்பதற்கு வருகிறேன். 2020 ஆகஸ்டில் சிட்டிபேங்க், ரெவ்லான் என்ற அழகுசாதன நிறுவனத்துக்குக் கடன் கொடுத்தவர்களுக்கு வட்டியாகச் சுமார் 78 லட்சம் டாலர் அனுப்ப வேண்டியிருந்தது. அனுப்பியதோ 90 கோடி டாலருக்குப் பக்கம். அசல் தொகை வெளியே போகாமல் வங்கியின் உள்கணக்கிலேயே நிற்க, அந்த மென்பொருளில் மூன்று கட்டங்களை நிரப்ப வேண்டும். அவர்கள் "அசல்" என்று பெயர் போட்ட ஒன்றை மட்டும் நிரப்பினார்கள். பதிந்தவர், சரிபார்த்தவர், ஒப்புதல் தந்தவர் என்று மூன்று பேர் பார்த்தும் மூவருக்கும் அது போதுமென்றுதான் பட்டது. தினமும் அதே வேலையைச் செய்கிற ஆட்கள். அசலை நிறுத்த "அசல்" கட்டத்தை நிரப்பினால் போதும் என்று நினைத்ததில் அவர்கள் மேல் எனக்குக் கோபமே வரவில்லை. நானும் அப்படித்தான் நினைத்திருப்பேன். சுமார் 50 கோடி டாலரைப் பெற்றவர்கள் திருப்பித் தர மறுத்து, வழக்கு 2022 வரை நடந்து, மேல்முறையீட்டில்தான் வங்கிக்குச் சாதகமாகத் தீர்ப்பு வந்தது. மூன்று பேர் ஒரே மாதிரி தவறாகப் புரிந்துகொண்டால், மாற்ற வேண்டியது அந்தத் திரையை.


பதில்: வலைமரபு

எண்பலகை சொல்வதில் பாதியை ஏற்கிறேன். மீதியில் எனக்குப் பயம் இருக்கிறது.

இணையதளப் பயன்பாட்டு வல்லுநர் யாக்கோப் நீல்சன் 2000-லேயே ஒரு கருத்தைச் சொன்னார்: உங்கள் தளத்துக்கு வருகிறவர்கள் பெரும்பாலான நேரத்தை மற்றத் தளங்களில்தான் கழிக்கிறார்கள், அதனால் உங்களுடையதும் அவற்றைப்போலவே நடக்கும் என்றுதான் எதிர்பார்ப்பார்கள். ஒரு கிடங்கின் பழக்கத்துக்காக ஒரு விசையின் பொருளையே மாற்றினால், அடுத்த கிடங்கு வேறொன்று கேட்கும். திரைவாசிப்பான் வைத்து வேலை செய்கிற பார்வையற்ற ஒருவர் அங்கே சேர்ந்தால், என்டர் தட்டியதும் கர்சர் சொல்லாமல் கொள்ளாமல் எங்கோ போவது அவருக்குப் பெரிய குழப்பம். மாற்றுத்திறனாளிகளும் வலையைப் பயன்படுத்த முடிய வேண்டும் என்று 2008-ல் வந்த வலை அணுகல் வழிகாட்டி (WCAG) 2.0, 3.2-வது நெறியை முழுக்க இதற்கே ஒதுக்கியிருக்கிறது. பக்கம் முன்கூட்டி ஊகிக்கக்கூடிய விதத்தில் நடக்க வேண்டும் என்பதுதான் அது.

அமைப்புகளில் "என்டர்: நகர்த்து / அனுப்பு" என்று ஒரு தேர்வு வைத்துவிட்டால் தலைவருக்கும் சம்மதம், அவர்களுக்கும் சம்மதம் அல்லவா?


பதில்: எண்பலகை

திரைவாசிப்பான் பற்றிச் சொன்னது முக்கியம். அதனால்தான் டேப்பைத் தொட வேண்டாம் என்றேன். ஃபார்மின் தலையில் "என்டர்: அடுத்த கட்டம்" என்று ஒரு வரி எழுதி, திரைவாசிப்பானும் அதைப் படிக்கும்படி வையுங்கள். முன்கூட்டிச் சொல்லிவிட்டால் அதிர்ச்சி இல்லை.

தேர்வு வைப்பதை மட்டும் நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். கிடங்கில் கணினிகள் தனித்தனி ஆட்களுக்குச் சொந்தமில்லை. காலை ஷிஃப்ட் ஒருவர், மாலை இன்னொருவர். ஒரு மேசையில் என்டர் நகர்த்தும், பக்கத்து மேசையில் சேவ் செய்யும் என்றால், எந்த மேசையிலும் கை நம்பிக்கையோடு இறங்காது. முடிவெடுக்க வேண்டியது நாம். அந்தப் பாரத்தைப் பயனர் தலையில் ஏற்றிவிட்டு அதற்குச் சுதந்திரம் என்று பெயர் வைக்கக் கூடாது.

நீல்சன் சொன்னதை இவர்களுக்குப் பொருத்திப் பாருங்கள். இவர்கள் பெரும்பாலான நேரத்தை எங்கே கழிக்கிறார்கள்? இந்த ஒரே திரையில், நாள் முழுக்க. மற்ற நேரத்தில் அட்டவணைகளில். அவருடைய வாதம் என் பக்கம்தான் சாய்கிறது.


பதில்: அகரவரிசை

என்டர் பற்றி நிறையப் பேசியாகிவிட்டது. எனக்குத் தெரிந்த மற்ற இரண்டுக்கு வருகிறேன்.

00417: அது எண் இல்லை, எண்ணால் எழுதப்பட்ட பெயர். இரண்டு பாக எண்களை யாரும் கூட்டப் போவதில்லை. டேட்டாபேஸிலும் எழுத்து வகையாக வையுங்கள், ஃபார்மிலும் எழுத்துப் பெட்டியாக வையுங்கள். ஏற்றுமதிக் கோப்பை எக்செலில் திறந்தால் அங்கேயும் முன் பூஜ்யங்கள் போகும், அதையும் சோதியுங்கள். 16 இலக்க எண் என்றால் இன்னும் மோசம். எக்செல் 15 இலக்கம்வரைதான் துல்லியமாக வைத்துக்கொள்ளும், கடைசி இலக்கம் பூஜ்யமாகிவிடும்.

இந்தத் தானாக மாற்றும் உபகாரம் எவ்வளவு தூரம் போயிருக்கிறது என்றால், மரபணு ஆய்வாளர்கள் "மார்ச்1", "செப்ட்2" என்று பெயருள்ள மரபணுக்களை எக்செலில் அடித்தால் அவை தேதியாக மாறிக்கொண்டிருந்தன. 2016-ல் வந்த ஓர் ஆய்வில், எக்செல் கோப்பில் மரபணுப் பட்டியல் இணைத்த கட்டுரைகளில் ஏறக்குறைய ஐந்தில் ஒன்றில் இந்தப் பிழை இருந்தது. அந்த ஆய்வாளர்கள் எல்லாரும் படித்தவர்கள், கவனமானவர்கள். கடைசியில் 2020-ல் பெயர்சூட்டும் குழு மரபணுக்களின் பெயரையே மாற்றியது. மாற்றத்தை அணைத்துவைக்கும் வசதி எக்செலில் 2023-ல்தான் வந்தது. மென்பொருளுக்காக அறிவியல் தன் பெயர்களை மாற்றிக்கொண்டது என்பது எனக்கு இன்றும் வலிக்கிற விஷயம்.

தமிழ் வரிசை: டேட்டாபேஸ் வரிசைப்படுத்துகிறது என்றீர்கள். எந்த வரிசையில்? பெரும்பாலும் யூனிகோடு குறியெண் வரிசையில், அதாவது ஒவ்வொரு எழுத்துக்கும் கணினி வைத்திருக்கும் எண்ணின் வரிசையில். அது நம் அகர வரிசை இல்லை. குறியெண்ணில் ய, ர, ற, ல, ள, ழ, வ என்று போகும். நாம் படித்தது ய, ர, ல, வ, ழ, ள, ற, ன. அதனால் "கழனி டிரேடர்ஸ்" என்ற பெயர் "கவிதா ஏஜென்சி"க்கு முன்னால் வந்து நிற்கும். பட்டியலில் கண்ணை ஓட்டித் தேடுகிறவர் "கவிதா"வைக் "கலா"வுக்கு அடுத்துத் தேடுவார், இல்லையென்றதும் புதிதாக ஒரு சப்ளையரை உருவாக்கிவிடுவார். உங்களிடம் ஒரே சப்ளையர் இரண்டு முறை பதிவாகியிருந்தால் காரணம் இதுவாக இருக்கலாம், பாருங்கள்.

புள்ளியும் தகராறு செய்யும். புள்ளியின் குறியெண் எல்லா மெய்யெழுத்துக்கும் பின்னால் இருப்பதால் "பகல்" முதலில் வந்து "பக்கம்" பிறகு வரும். அகராதியில் நேர் எதிர்.

இதற்கு நீங்களே விதி எழுத வேண்டாம். பல மொழிகளின் விதிகளைத் தொகுத்துவைத்திருக்கும் ஐசியூ (ICU) நிரல் நூலகத்தில் தமிழ் வரிசை விதிகள் இருக்கின்றன. போஸ்ட்கிரெஸ் போன்ற டேட்டாபேஸ்களில் அந்த நெடுவரிசைக்கு ஐசியூவின் தமிழ் வரிசையைக் குறிப்பிட்டால் போதும். பிரவுசர் பக்கத்திலும் மொழி வாரியாக ஒப்பிடும் வசதி உண்டு.

பெயரின் நீளத்துக்கு வரம்பு வைத்திருந்தால் அதையும் பாருங்கள். "தமிழ்" என்பது நமக்கு மூன்று எழுத்து. இகரக் குறியும் புள்ளியும் தனித்தனியாக எண்ணப்படுவதால் யூனிகோடுக்கு ஐந்து குறி, யூடிஎஃப்-8 முறையில் சேமித்தால் 15 பைட். "அதிகபட்சம் 20 எழுத்து" என்று திரையில் எழுதிவிட்டு உள்ளே குறிகளை எண்ணினால், 12 எழுத்து அடித்தவரிடம் அதிகமாகிவிட்டது என்று சொல்வீர்கள். அவர் விரல் விட்டு எண்ணிப் பார்ப்பார். அவர் எண்ணியதுதான் சரி.


பதில்: உள்ளீட்டுமேசை

நான் நிரல் எழுதுறவ இல்லைங்க, டேட்டா என்ட்ரி வேலை பார்க்கிறேன். வேற இடம், ஆனா இதே மாதிரி ஒரு மாற்றம் எங்களுக்கும் நடந்தது. எண்பலகை சார் கையைப் பத்தி எழுதினதைப் படிச்சதும் பக்கத்து சீட்டுக்காரங்களுக்கும் காட்டினேன். அப்படியே எங்க கைதான்.

எங்களுக்கு இருந்த இன்னும் சிலதைச் சொல்றேன், உங்க ஆளுங்களுக்கும் இருக்கலாம், கேட்டுப் பாருங்க. அளவு 50-ன்னு அடிச்சிட்டு, பக்கத்தைக் கீழே தள்ள மவுஸ் சக்கரத்தை உருட்டுவேன். திரும்பப் பார்த்தா 49-ன்னு இருக்கும். கர்சர் இன்னும் அந்தக் கட்டத்துலதான் இருக்கு, சக்கரம் எண்ணைக் குறைச்சிடுது. எனக்கு ரொம்ப நாள் என் கண்ணு மேலதான் சந்தேகம். மேல் அம்புக்குறி தட்டினாலும் இதே கதை. பழையதுல மேல் அம்புன்னா முந்தின கட்டத்துக்குப் போகும், இதுல 50 போய் 51 ஆயிடும்.

அப்புறம் சேவ் ஆச்சா இல்லையான்னு தெரியணும். பழையதுல வரிசை எண் ஒண்ணு ஓடும், 212 போய் 213 வந்தா பதிஞ்சிடுச்சுன்னு அர்த்தம். அந்த எண்ணைச் சலான் மேல எழுதி வைப்போம். புதுசுல மூலையில பச்சையா ஒரு பெட்டி வந்துட்டு மறைஞ்சிடும். நான் அப்ப காகிதத்தைப் பார்த்துக்கிட்டிருப்பேன். திருப்பி அடிக்கிறதா வேண்டாமான்னு ஒவ்வொரு தடவையும் யோசனை.

சேவ் ஆனதும் கர்சர் முதல் கட்டத்துக்கு வரணும். தேதியும் சப்ளையரும் அப்படியே நிக்கணும். ஒரே லாரியில வந்த சலான் எல்லாம் ஒரே ஆளோடதுதானே.


கிடங்குநிரலர்

எல்லாருக்கும் நன்றி. இன்று தலைவரையே அழைத்துக்கொண்டு போய் உட்கார்ந்தேன். அவர் ஒன்றும் பேசவில்லை, மூத்தவரின் இடது கையையே பார்த்துக்கொண்டிருந்தார். வெளியே வந்ததும் "நகர்த்திவிடலாம்" என்றார்.

உள்ளீட்டுமேசை அம்மா, சக்கரம் விஷயம் எங்களிடமும் அப்படியே இருக்கிறது. அளவுக் கட்டத்தை எண் வகைப் பெட்டியாக வைத்ததுதான் காரணம். இனி எழுத்துப் பெட்டியாக வைத்து, இலக்கம் மட்டும் ஏற்கும்படி செய்யப் போகிறோம். தசமப் புள்ளி வேண்டுமா என்று கேட்டுக்கொள்கிறேன். சப்ளையர் பட்டியலில் ஒரே பெயர் இரண்டாகவும் இருக்கிறது. அகரவரிசை சொன்ன இடத்திலேயே.

ஒரே ஒரு சந்தேகம் மீதி. கை ஓட்டத்தில் கடைசி என்டரும் விழுந்து தவறான பதிவு போய்விட்டால்? "சேமிக்கலாமா? ஆம் / இல்லை" என்று கேட்கலாம் என்கிறார் தலைவர்.


பதில்: எண்பலகை

தலைவரை அழைத்துப் போனதற்கு என் பாராட்டுகள், அது எல்லாராலும் முடிகிற காரியம் இல்லை.

கேள்விப் பெட்டி வேண்டாம். நாளுக்கு நூற்றுக்கணக்கான முறை "ஆம்" சொல்ல வைத்தால், அந்த ஆமும் கை ஓட்டத்தில் சேர்ந்துவிடும். தவறான பதிவுக்கும் அதே வேகத்தில் ஆம் விழும். அதற்குப் பதில், சேவ் செய்துவிட்டுத் திரும்பப் பெறும் வழி கொடுங்கள். ஜிமெயிலில் அனுப்பியதைத் திரும்பப் பெற 5, 10, 20, 30 நொடி என்று அவகாசம் வைக்கலாம், அந்த நேரம்வரை கடிதம் உண்மையில் வெளியே போவதில்லை. இங்கே நொடிக்கணக்கு சரிப்படாது. தவறு தெரியவருவது பெரும்பாலும் அடுத்த சலானை எடுக்கும்போது. அதனால் ஃபார்முக்குக் கீழேயே கடைசிப் பத்துப் பதிவுகளும் வரிசை எண்ணோடு நிற்கட்டும், உள்ளீட்டுமேசை கேட்டதும் அதுதான். அவற்றில் எதன்மேலும் என்டர் தட்டினால் திறந்து திருத்த முடியட்டும்.

அணுகல் வழிகாட்டியின் 3.3.4-ம் பயனரின் தரவை மாற்றும் இடங்களில் மூன்று வழி சொல்கிறது: திரும்பப் பெற முடிய வேண்டும், அல்லது பிழை சரிபார்க்கப்பட்டுத் திருத்த வாய்ப்புத் தர வேண்டும், அல்லது இறுதியாக அனுப்பும் முன் மறுபடி பார்த்து உறுதிசெய்ய வழி இருக்க வேண்டும். இவற்றில் ஒன்று இருந்தாலே போதும். உங்களுக்கு முதலாவதுதான் பொருந்தும்.

அன்றைய கணக்கு முடித்து இருப்பில் ஏறிய பதிவை மட்டும் திருத்த விடாதீர்கள். அதற்கு, தவறான பதிவை நேர்செய்யும் எதிர்ப்பதிவு போடும் வழி வையுங்கள், கணக்காளர்கள் அதைத்தான் எதிர்பார்ப்பார்கள். அவர்கள் பக்கத்திலும் ஒரு நாள் உட்கார்ந்துவிட்டு அந்தத் திரையைத் தொடங்குங்கள்.